பாலக்காட்டு மேடைகளில் ராக் பேண்டைப் படம் பிடிக்க

வாளையார் தாண்டிப் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்று தமிழ் புழங்குகிற பக்கமெல்லாம் ராக் பேண்ட் ஏறும் மேடைகள் மூன்று வகை. கல்லூரி விழா மேடை ஒன்று. முன்பு கானமேளா எனும் சினிமாப் பாட்டுக் கச்சேரி மட்டுமே நடந்த உற்சவ மைதானத்தில் இப்போது செண்டையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து ஏறுகிற ஃபியூஷன் மேடை இரண்டாவது. நூறு, நூற்றைம்பது பேர் நிற்கிற சின்ன ஹாலும் ஹோட்டல் மொட்டை மாடியும் மூன்றாவது. மூன்றிலும் கேமராக்காரருக்கு ஒரே சிக்கல்தான். வெளிச்சம் உங்கள் கையில் இல்லை. லைட் போர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் சேட்டன் கையில் இருக்கிறது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. விளக்குகள் எந்த வரிசையில் வந்து போகின்றன, முகத்தில் நல்ல வெளிச்சம் விழுகிற இடம் எது, அந்த இடத்துக்கு யார் எப்போது வருகிறார் என்பதை முதல் இரண்டு பாட்டுக்குள் பிடித்துவிட்டால் மீதி நேரம் காத்திருந்து எடுக்கலாம். பிடிக்காவிட்டால் ஆயிரம் முறை அழுத்தினாலும் சிவப்புப் பூச்சு முகங்கள்தான் மிஞ்சும்.

சவுண்ட் செக்குக்கே போய்விடுங்கள்

ஏழு மணி நிகழ்ச்சிக்கு நாலு, நாலரைக்கே சவுண்ட் செக் தொடங்கும். டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லிச் சரிபார்க்கிற அந்த நேரத்தில் மேடையைச் சுற்றி வாருங்கள். பாடகரின் மைக் எங்கே, மானிட்டர் பெட்டிகள் (பேண்ட் தன் ஒலியைத் தானே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்கள்) எங்கே, சிம்பல் ஸ்டாண்டு டிரம்மரின் முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து மறைக்கிறது என்று பாருங்கள். உற்சவ மேடை பெரும்பாலும் நாலடி, ஐந்தடி உயரம். அதன் விளிம்பை ஒட்டி நின்றால் மானிட்டர் பெட்டியும் ஷூவும் மூக்குத் துவாரமும்தான் கிடைக்கும். மூன்று, நான்கு மீட்டர் பின்வாங்கினால்தான் முழு ஆள் வருவார். சின்ன ஹாலில் மேடை ஒன்றரை அடி இருந்தாலே அதிகம். அங்கே விளிம்பை விட்டுப் பின்னால் போனீர்களென்றால் தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான் தெரியும்.

பாட்டு வரிசை எழுதிய தாளைக் கேட்டுச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டில் கிட்டார் சோலோ, எதில் செண்டைக்காரர் முன்னால் வருகிறார், எதில் பாடகர் கூட்டத்துக்குள் இறங்குகிறார் என்று கேட்டு அதிலேயே குறித்துக்கொண்டால் சோலோ தொடங்கும் முன்பே சரியான பக்கம் போய் நிற்கலாம்.

அடுத்து லைட் சேட்டன். பலர் இவரைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டாயிரம் ரூபாய் லென்ஸ் வாடகையைவிட இவரிடம் ஐந்து நிமிடம் பேசுவது அதிகம் பயன் தரும். பார் லைட் என்றால் மேடைக்கு நிறம் பூசுகிற வட்ட விளக்கு. கேட்க வேண்டியது ஒன்றே: "சேட்டா, முன்னால இருக்கிற பார் லைட்ல ஆம்பரோ வார்ம் வொய்ட்டோ ஒரு இருபது, முப்பது சதவீதம் பாட்டு முழுக்க நிக்கட்டும்." பின்னால் சிவப்பும் நீலமும் எப்படி ஓடினாலும் முகத்தில் அந்தக் கொஞ்ச வெளிச்சம் இருந்தால் தோல் நிறம் தப்பிக்கும். பாட்டு முழுக்க முடியாது என்றால் சோலோவுக்கும் பல்லவி திரும்பும் இடத்துக்குமாவது கேளுங்கள். ஓட்டம் தானியங்கி நிரலில் போகிறதா, கையால் ஓட்டுகிறாரா என்பதையும் கேட்டு வையுங்கள். தானியங்கி என்றால் எட்டு அல்லது பதினாறு தாளத்துக்கு ஒருமுறை அதே நிறங்கள் அதே வரிசையில் திரும்பும். வெள்ளை வருகிற இடத்தை எண்ணியே பிடித்துவிடலாம்.

நேரக் கணக்கும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. தளர்வு இல்லாத நாளில் நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினால் வெட்டுப்படுவது கடைசிப் பாட்டுகள். லைட் சேட்டன் தன் கையிருப்பை எல்லாம் கொட்டுவதும் கடைசிப் பாட்டில்தான். ஒன்பதே முக்காலுக்கு உங்கள் மெமரி கார்டில் இடமும் பேட்டரியில் உயிரும் இருக்க வேண்டும்.

லென்ஸ், செட்டிங்

கேமராவோடு வருகிற கிட் லென்ஸ் 55 மி.மீ. பக்கம் போனால் f/5.6 ஆகிவிடும் (f எண் கூடினால் லென்ஸின் திறப்பு சிறுக்கும்). f/1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சம் விடும். f/1.8ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 3200ல் முடிகிற வேலைக்குக் கிட் லென்ஸில் 32000 வேண்டும். அதனால் முதலில் வாங்க வேண்டியது 50 மி.மீ. f/1.8. சென்சார் சின்னதாக இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவில் இது 75-80 மி.மீ. போல நடந்துகொள்ளும், சின்ன ஹாலுக்கு அளவாக இருக்கும். மேடை முழுவதும் வர 24 அல்லது 35 மி.மீ. ஒன்று. உற்சவ மைதானத்துக்கு மட்டும் 70-200 f/2.8 வாடகைக்கு எடுங்கள். கிட் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் அதை 18 மி.மீ.யிலேயே வைத்து, ஜூம் பண்ணாமல், காலால் நடந்து கிட்டே போங்கள்.

மேனுவல் மோடு (அளவுகளை நீங்களே வைப்பது), ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு). இவை இரண்டிலும் சமரசம் வேண்டாம். மேடையில் முக்கால்வாசி கறுப்பு. கேமரா தானாக அளந்தால் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை வெளுக்க வைக்கும். பின்னாலிருந்து ஒரு விளக்கு நேராக லென்ஸில் அடித்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்து முகத்தைக் கரியாக்கும். ஆட்டோ ஐஎஸ்ஓவும் இதே தவறைத்தான் செய்யும். முகத்தைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு இந்த அளவுகள் போதும்: எல்இடி பார் லைட் போட்ட சின்ன ஹாலில் f/2, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 3200. விளக்கு நிறைந்த உற்சவ மேடையில் f/2.8, 1/250, ஐஎஸ்ஓ 1600. மங்கலான ஹோட்டல் மூலையில் f/1.8, 1/125, ஐஎஸ்ஓ 6400. இரண்டு படம் எடுத்துத் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தோலின் தன்மை தெரிந்தால் சரி. பின்னணி கறுப்பாகப் போனதற்குக் கவலைப்பட வேண்டாம், அது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து ஷட்டரை 1/60க்கு இறக்குவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் ஓரளவு தேற்றலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நின்று பாடுகிறவருக்கு 1/160 போதும். தலையை ஆட்டுகிற கிட்டாரிஸ்டுக்கு 1/320. குதித்தால் 1/500. டிரம்மருக்கு 1/250 வைத்தால் முகம் நிலையாக, குச்சி மட்டும் கோடாக இழுபடும், அது அழகு. 1/1000ல் குச்சியை உறைய வைத்தால் டிரம்மர் சும்மா போஸ் கொடுக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஃபிளாஷ் வேண்டாம். பெரிய நிகழ்ச்சிகளில் உலகெங்கும் உள்ள வழக்கம் "முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கிடையாது" என்பது. நம் ஊர்ச் சின்ன மேடைகளில் யாரும் தடுக்க மாட்டார்கள் என்றாலும், லைட் சேட்டன் கட்டிவைத்த நிறத்தை எல்லாம் ஃபிளாஷ் ஒரே அடியில் வெளுத்துவிடும், டிரம்மரின் கண்ணும் கூசும். ஆட்டோ ஃபோகஸுக்கு உதவ கேமராவின் முன்பக்கத்தில் எரிகிற சின்ன விளக்கையும் மெனுவில் போய் அணைத்துவிடுங்கள்.

சிவப்பு, நீலம், கோடு

சென்சாரில் நாலில் ஒரு பங்குப் புள்ளிகள்தான் சிவப்பைப் பதிகின்றன, நாலில் ஒரு பங்கு நீலத்தை, மீதிப் பாதி பச்சையை. மேடையில் சுத்தச் சிவப்பு எல்இடி மட்டும் எரியும்போது அந்தக் கால்பங்கு மட்டும் வேலை செய்கிறது. நுணுக்கம் குறைகிறது. அதைவிட மோசம், சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்தாலும் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) "இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது" என்றே காட்டும். முகம் மூக்கும் கன்னமும் இல்லாத ஒரு சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் செய்து வையுங்கள். சிவப்பு அல்லது நீலம் மட்டும் எரிகிற நேரத்தில் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, எடுங்கள். வொய்ட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சமன் செய்யும் அளவு) திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. மற்ற இரண்டு சேனலில் ஒன்றும் பதியாதபோது எதைக் கொண்டு சமன் செய்வது? கறுப்பு வெள்ளையாக்குவதுதான் வழி. சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளை செய்தால் தோல் வழவழப்பாக வரும்; நீலத்தில் புள்ளியும் பருவும் தூக்கலாகத் தெரியும். ஆகவே சுத்த நீலத்தில் பாடகியின் முகத்தை நெருக்கமாக எடுக்காதீர்கள், அந்த நேரத்தில் பின்னால் போய் நிழலுருவம் எடுங்கள்.

வொய்ட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறமாக வரும். 4000 கெல்வின் பக்கம் நிறுத்திவிடுங்கள். ரா ஃபைல் என்பதால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுவது இன்னொரு தலைவலி. எல்இடி விளக்கை மங்கலாக்கும்போது அது உண்மையில் மங்குவதில்லை. நொடிக்குப் பல நூறு முறை அணைந்து எரிகிறது, அணைந்திருக்கும் நேரம் கூடுகிறது. மலிவான பார் லைட்டில் இந்த வேகம் குறைவு. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவதால், விளக்கு அணைந்த நேரத்தில் பதிந்த வரிகள் கோடாக நிற்கின்றன. மிரர்லெஸ் கேமராவின் எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது மிக அதிகம். சத்தம் போடாத ஷட்டரால் ராக் கச்சேரியில் என்ன பயன்? மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். சவுண்ட் செக்கிலேயே விளக்கு விழும் வெள்ளைத் துணியையோ சுவரையோ 1/1000, 1/500, 1/250, 1/125 என்று எடுத்துப் பாருங்கள். கோடு மறைகிற வேகம்தான் அன்றைய உங்கள் உச்ச வரம்பு. கல்யாண மண்டபத்தைக் கச்சேரிக்கு விட்டிருந்தால் டியூப் லைட்டும் எரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுத் துடிப்பும் உள்ளே அடங்கிவிடும். கேமராவில் இருக்கிற சாதாரண ஆண்டி-ஃபிளிக்கர் (துடிப்பைத் தவிர்க்கும் வசதி) இந்த 100 ஹெர்ட்ஸுக்கு மட்டும்தான் உதவும், எல்இடி பாருக்கு உதவாது.

பின்னால் எல்இடி வால் (சுவர் போன்ற பெரிய திரை) இருந்தால் அதிலும் இதே கோடு வரும். 1/125ஐவிட மெதுவான வேகத்துக்குப் போனால் குறையும். வால் பளபளக்கும்போது பாடகர் கறுப்பாகத் தெரிவார். அதை எதிர்த்துப் போராடுவதைவிட, வாலில் அடர்ந்த ஒற்றை நிறம் வரும் நொடியில் நிழலுருவமாக எடுப்பது நல்லது. ஸ்பான்சர் பெயர் ஓடும்போது கேமராவைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

லேசர் மட்டும் ஆபத்து. நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரமாகப் புள்ளியோ கோடோ எரிந்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் படம் எடுக்காதபோதும் சென்சார் திறந்தே இருக்கும் என்பதால் ஆபத்து கூடுதல். லேசர் உண்டா என்று முன்பே கேளுங்கள். ஓடத் தொடங்கினால் பக்கவாட்டுக்குப் போங்கள், அல்லது லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். ஷார்ப்பி எனப்படும் சுழலும் பீம் விளக்கு லேசர் அல்ல. அதற்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

புகை வந்த உடனே எடுத்தால் பால் ஊற்றிய மாதிரி எல்லாம் வெளுத்திருக்கும், ஆட்டோ ஃபோகஸும் தடுமாறும். இருபது, முப்பது நொடி பொறுங்கள். கனம் குறைந்து மெல்லிய படலமாகும்போதுதான் ஒளிக்கற்றைகள் தனித்தனியாகத் தெரியும். திறந்தவெளி மேடை என்றால் காற்றுத் திசையையும் பார்க்க வேண்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து விருச்சிகக் காற்று விடாமல் வீசும். புகை எல்லாம் மேற்குப் பக்கம் போய்விடும். கிழக்குப் பக்கம் நின்றால் தெளிவான முகம். மேற்குப் பக்கம் நின்றால் ஒளிக்கற்றை. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு நில்லுங்கள். அதே காற்றில் மைதானத்துப் புழுதியும் வரும், ஆகவே அங்கே லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் மேடைக்குப் பின்னாலோ காருக்குள்ளோ போய் மாற்றுங்கள்.

யாரை எங்கிருந்து

பாடகரை நேர் எதிரே நின்று எடுத்தால் மைக் வாயை மூடிவிடும். முப்பது, நாற்பது டிகிரி பக்கவாட்டில் போங்கள். மைக்கைக் கையில் பிடித்துப் பாடுகிறவரென்றால் மைக் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், முழங்கை முகத்தை மறைக்காது. "ஆ", "ஓ" என்று நீளும் இடத்தில் முகம் திறந்து நன்றாக இருக்கும். "ஈ"யில் பல் கடிப்பது போல வரும், "ம்"மில் ஒன்றும் இருக்காது. வரி முடிந்து மைக்கை விட்டு அரை அடி பின்னால் போகும் கணம் இதைவிட நல்லது. அதற்காகவே காத்திருக்கலாம்.

வலக்கைக் கிட்டாரிஸ்டின் கிட்டார்க் கழுத்து, பார்வையாளர்களுக்கு வலப்பக்கமாக நீளும். அந்தப் பக்கம் நின்று அகல லென்ஸில் எடுத்தால் கழுத்து நம்மை நோக்கிப் பாய்கிற மாதிரி வரும்; இடக்கை விரல்களும் தெரியும். இடப்பக்கம் நின்றால் உடல் பகுதியும் மீட்டுகிற கையும் பெரிதாகத் தெரியும், முகம் பெரும்பாலும் தோளுக்குப் பின்னால் போய்விடும். கட்டம் பிடிக்கும்போது கிட்டாரின் நுனித் தலையை வெட்டாதீர்கள். கிட்டாரிஸ்டுகள் முதலில் பார்ப்பது அதைத்தான். பாஸ் வாசிப்பவர் பெரும்பாலும் விளக்கில்லாத மூலையில் நிற்பார். டிரம்மரைப் பார்த்துச் சிரிக்கும் நேரம் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் அவர் உங்கள் தொகுப்பிலேயே இருக்க மாட்டார்.

டிரம்மருக்கு முன்பக்கத்திலிருந்து கிடைப்பது சிம்பல்களுக்கு நடுவில் ஒரு நெற்றி. மேடையின் பக்கவாட்டுக்கு, ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) இல்லாத பக்கம் போனால் முகமும் இரண்டு கையும் சேர்ந்து வரும். பேண்டிடம் அனுமதி வாங்கிப் பின்னால் போக முடிந்தால் டிரம்மரின் முதுகும் அவருக்கு அப்பால் கூட்டமும் ஒரே படத்தில் கிடைக்கும். கேபிள்களை மிதிக்காதீர்கள், கீழே கிடக்கும் எஃபெக்ட் பெடலில் கால் பட்டால் பாட்டே கெட்டுப்போகும்.

கேரளத்து பேண்டுகளுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. 1996ல் கொச்சியில் தொடங்கிய மதர்ஜேன் ஆங்கிலத்தில் பாடியது. அவியல் 2008ல் மலையாளத்திலேயே ராக் ஆல்பம் போட்டது. 2013ல் வந்த தைக்குடம் பிரிட்ஜ் வயலின் உட்படப் பத்துப் பேருக்கு மேல் மேடையேற்றியது. இப்போது சின்ன ஊர் பேண்டும் ஆறேழு பேருக்குக் குறையாமல்தான் ஏறுகிறது, செண்டையோ, உடுக்கை வடிவ இடைக்காவோ கூடவே வருகிறது. எல்லாரையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்தால் எல்லாரும் எறும்பாகிவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக, ஒருவரையொருவர் பார்க்கிற நேரத்தில் எடுங்கள்.

செண்டையைத் தோளில் தொங்கவிட்டு நின்றபடி மேல்முகத்தில் இரண்டு குச்சியால் அடிப்பார்கள். குச்சி உச்சிக்குப் போய்த் திரும்பும் நொடியில் அசைவு குறைவு. 1/500ல் அதைப் பிடிக்கலாம். வெற்று மார்பும் கசவு வேட்டியுமாக ஸ்பாட் லைட்டில் நின்றால் வேட்டி வெளுத்துப்போகும், ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்துவிடுங்கள். இடைக்கா வாசிப்பவர் வலக்கையில் மெல்லிய குச்சி பிடித்து அடித்துக்கொண்டே இடக்கையால் கயிற்றை அழுத்திச் சுருதியை மாற்றுவார். அழகு அந்த இடக்கையில். அவருக்கு இடப்பக்கமாக நில்லுங்கள்.

ஃபோகஸ் பற்றிச் சுருக்கமாக. 85 மி.மீ. f/1.8 லென்ஸில் மூன்று மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் முழு ஃபிரேம் கேமராவில் சுமார் 13 செ.மீ.தான். மைக்கின் கம்பிவலையில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும், அதுவும் அடிக்கடி நடக்கும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வையுங்கள், தொடர் ஃபோகஸில் போடுங்கள், மூன்று நான்கு படமாகச் சுருக்கமாக அடியுங்கள். இருட்டில் கண் பிடிபடவில்லை என்றால் அதே தூரத்தில் இருக்கும் கிட்டார் வார், சட்டைக் காலர் போல வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில் பிடியுங்கள்.

கூட்டம், கோயில், மழை

பல்லவியில் முன்பக்கம் வெள்ளை விளக்கு பளிச்சென்று கூட்டத்தின்மேல் அடிக்கும். அந்த இரண்டு நொடிக்காக மேடையோரத்தில் அகல லென்ஸோடு தயாராக இருங்கள். ஆடுகிற பெண்கள், சின்னப் பிள்ளைகள் முகத்தை நெருக்கமாக எடுத்து இணையத்தில் போடும் முன் அவர்களிடமோ வீட்டாரிடமோ கேட்டுவிடுங்கள். ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

உற்சவ மைதானத்தில் யானை நிற்கிறது என்றால் ஃபிளாஷும் ட்ரோனும் பையிலேயே இருக்கட்டும். இதில் விவாதமே இல்லை. கோயில் மதிலுக்குள் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று கமிட்டிக்காரரைக் கேட்டுக்கொண்டு போங்கள். மேடை வெளியே பறம்பில் இருப்பதால் உள்ளேயும் எடுக்கலாம் என்று ஆகாது.

காதையும் கவனியுங்கள். 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் வரம்பு. மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். ஸ்பீக்கர் பக்கத்தில் 100 டெசிபல் இருந்தால் அந்தக் கணக்கில் பதினைந்து நிமிடம்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானைச் சுருட்டி, காதை மேல்நோக்கி இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை.

ஏசி ஹாலிலிருந்து மழைக்கால இரவுக்குள் வெளியே வந்தால் லென்ஸில் உடனே ஆவி படியும். ஏசிக்குள்ளேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, வெளியே வந்து அரை மணி கழித்துத் திறங்கள். ஆனி, ஆடி ஈரத்தில் தோல் பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத அரிசி டப்பாவும் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மீண்டும் போடலாம்.

படம் கொடுக்கும்போது

வீட்டுக்கு வந்ததும் கார்டை அழிக்காமல் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். அறுநூறு படத்திலிருந்து இருபத்தைந்து போதும். தேர்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல படமாவது இருக்கிறதா என்று பாருங்கள். பாடகர் மட்டும் பதினெட்டு படத்தில் இருந்தால் அடுத்த முறை மற்ற ஐந்து பேரும் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்வார்கள். லைட்ரூம் இல்லாவிட்டால் காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஒரே விளக்கில் எடுத்தவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே திருத்தத்தைப் போடுங்கள். புள்ளியை முழுக்கத் துடைக்காதீர்கள், முகம் மெழுகாகிவிடும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350 அளவில் நிமிர்ந்த படங்களாகக் கொடுத்தால் அவர்கள் கண்டபடி வெட்டாமல் போடுவார்கள். மறுநாள் மதியத்துக்குள் ஐந்து படமாவது போய்ச் சேர வேண்டும். மூன்று நாள் கழித்துப் போகிற படத்தை பேண்ட் பகிர்வதே அபூர்வம்.

காசு வாங்கி எடுத்தால் உரிமை பற்றி முன்பே பேசுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. நிகழ்ச்சிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்: பேண்ட் எங்கெல்லாம் போடலாம், உங்கள் பெயர் எப்படி வர வேண்டும், ஸ்பான்சர் விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, உங்கள் தொகுப்பில் நீங்கள் காட்டலாமா. காசு வாங்காமல் எடுத்தால் உரிமை உங்களிடமே இருக்கும்; அப்போதும் அந்த இரண்டு வரியை அனுப்பிவிடுங்கள்.